அதிகம் திணறும் கோரில் குறுக்கீட்டு எண்ணிக்கை மட்டும் குறைவாக இருப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். இரண்டு சாக்கெட்டுகளும் 128 கோர்களும் கொண்ட ஒரு லினக்ஸ் சர்வரைப் பராமரித்து வருகிறேன். இரவில் காப்புப் பிரதி எடுக்கும் நேரத்தில் ஒரே ஒரு கோர் மட்டும் முழுச் சுமையில் நிற்கிறது. அந்த நேரம் முழுவதும் சாஃப்ட்ஐஆர்க்யூ (குறுக்கீட்டுக்குப் பின் கெர்னல் தள்ளிவைத்துச் செய்யும் வேலை) கணக்கில் போவதாக டாப் கட்டளை காட்டுகிறது. ஆனால் புராக் கோப்பகத்தின் இன்டரப்ட்ஸ் கோப்பில் (கோரின் கவனத்தைக் கேட்டுக் கருவிகள் எழுப்பும் குறுக்கீடுகளின் கணக்கு), நெட்வொர்க் கார்டுக்கான வரிகளில், அந்தக் கோரின் எண்ணிக்கை மற்றவற்றைவிட மெதுவாகவே ஏறுகிறது. இது எப்படி? மேலும், என்விஎம்இ வட்டுகளின் குறுக்கீடுகளை வேறு கோர்களுக்கு மாற்ற எஸ்எம்பி_அஃபினிட்டி கோப்பில் எழுதினால், ரூட் பயனராக இருந்தும் உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை வருகிறது. வட்டில் கோளாறா?

பதில் 1:
இரண்டுமே கோளாறு அல்ல. முதல் பாக்கெட் வந்து குறுக்கீடு எழுந்தவுடன், டிரைவர் அந்த வரிசையின் (கார்டில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) குறுக்கீட்டை அடைத்துவிட்டு மீதி வேலையை சாஃப்ட்ஐஆர்க்யூவிடம் ஒப்படைக்கும். அதன்பின் நேபி முறைப்படி, ஒரு சுற்றுக்கு வழக்கமாக 64 பாக்கெட்டுகள் வரை கெர்னல் தானே போய் எடுத்துக்கொள்ளும்; வரிசை காலியான பிறகுதான் குறுக்கீடு மறுபடி திறக்கப்படும். ஆகவே, வரிசை காலியாகாத அளவுக்குப் பாக்கெட்டுகள் குவியும் கோரில் குறுக்கீடு அரிதாகவே எழும். நீங்கள் பார்க்கும் குறைந்த எண்ணிக்கை, சுமை அதிகம் என்பதற்கான அடையாளம். பாக்கெட்தோறும் குறுக்கீட்டை ஏற்றால் ஏற்பதிலேயே நேரம் கரைந்து, எதுவும் பயன்பாட்டைச் சென்றடையாத நிலை உருவாகும் என்பதை 1996இலேயே ஆய்வாளர்கள் மோகுலும் ராமகிருஷ்ணனும் விரிவாக விளக்கினார்கள்.

சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பின் மூன்றாம் பத்தியை, அதாவது மூன்றாவது செங்குத்து நிரலைப் பாருங்கள் (எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும்). கெர்னல் தனக்கு ஒதுக்கிய அளவு தீர்ந்ததால் வேலையைப் பாதியில் நிறுத்திய ஒவ்வொரு முறையும் அது ஏறும்.

என்விஎம்இ குறுக்கீடுகள் கெர்னலே நிர்வகிப்பவை. அவற்றின் இருப்பிடத்தைப் பயனர் மாற்ற முடியாது. எக்ஸ்86 கட்டமைப்பில் ஒரு கோரின் குறுக்கீட்டு அட்டவணையில் 256 இடங்கள்தான் உண்டு, அவற்றிலும் முதல் 32 பிழை போன்ற பிராசசர் விதிவிலக்குகளுக்கு உரியவை. பல வட்டுகள் உள்ள பெரிய கணினியில் கோர்களை ஒவ்வொன்றாக அணைத்தால், அவற்றின் குறுக்கீடுகளெல்லாம் எஞ்சிய கோர்களில் வந்து குவிந்து இடம் தீர்ந்துவிடக்கூடும். நிர்வகிக்கப்படும் குறுக்கீடு அப்படி இடம்பெயராது. தனக்குரிய கோர்கள் அனைத்தும் அணைந்தால் அதுவும் நிறுத்தி வைக்கப்படும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கார்டு எந்த சாக்கெட்டோடு இணைந்துள்ளது என்பதையும் பாருங்கள். எம்எஸ்ஐ-எக்ஸ் குறுக்கீடு என்பது ஒரு குறிப்பிட்ட முகவரியில் கார்டு எழுதும் ஒரு சிறு மதிப்புதான் என்பதால், அதை எந்தக் கோருக்கும் அனுப்பலாம். ஆனால் அடுத்த சாக்கெட்டிலுள்ள கோர் அதை ஏற்றால், பாக்கெட் தரவைத் தொடும்போதெல்லாம் சாக்கெட்டுகளுக்கு இடையிலான இணைப்பைக் கடக்க வேண்டியிருக்கும். குறுக்கீடுகளைக் கோர்களுக்குத் தானாகப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கையால் அமைக்கச் சொல்லும் அறிவுரை இணையத்தில் நிறைய உண்டு. தாமதத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டிய இடங்களைத் தவிர, எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேட்டவர்:
நன்றி. மூன்றாம் பத்தி வேகமாக ஏறுகிறது. கார்டு இரண்டாம் சாக்கெட்டில் இருக்கிறது, திணறும் கோரோ முதலாவதில். காப்புப் பிரதி ஒரே டிசிபி இணைப்பில்தான் போகிறது.

பதில் 2:
அப்படியானால் குறுக்கீடுகளை எவ்வளவு பரப்பினாலும் பயன் குறைவு. ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் முன்பின்னாக மாறாதிருக்க, கார்டு அவற்றை ஒரே வரிசைக்குத்தான் அனுப்பும். லினக்ஸ் 2.6.35 பதிப்பில் வந்த ஆர்பிஎஸ் வசதியும் அந்த வேலையை இன்னொரு கோருக்கு நகர்த்துமே தவிர, பலவற்றுக்குப் பிரிக்காது. முதலில் அந்த வரிசையின் குறுக்கீட்டை இரண்டாம் சாக்கெட்டின் கோர் ஒன்றுக்கு மாற்றுங்கள்; நெட்வொர்க் கார்டுகளில் பெரும்பாலானவை இதை அனுமதிக்கும். பிறகு காப்புப் பிரதி மென்பொருளில் இணை இணைப்புகளுக்கான அமைப்பு இருந்தால் நான்கு அல்லது எட்டு என வைத்துப் பாருங்கள்.