மறு: ஆளுநர் ‘ஸ்பெஷல் எலெக்‌ஷன்’ – சிறப்புத் தேர்தலா, இடைத்தேர்தலா?

வணக்கம். அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் பதவிக்கு நடக்கும் ‘ஸ்பெஷல் எலெக்‌ஷ’னைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> பத்திரிகைகளில் ‘சிறப்புத் தேர்தல்’ என்று வந்துவிட்டதே, அப்படியே விட்டுவிடலாமே?

விடலாம்தான், ஆனால் படிக்கிறவருக்கு அதில் என்ன புரியும்? சிறப்பு ரயில், சிறப்பு தரிசனம் என்று பழகிய கண்ணுக்கு இது ஏதோ கூடுதல் ஏற்பாடு மாதிரிதான் தெரியும். நடப்பதோ வேறு. பதவிக்காலம் முடியும் முன்பே ஆளுநர் நாற்காலி காலியாகிறது, மிச்சமுள்ள காலத்துக்கு மட்டும் ஒருவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல் இடைத்தேர்தல்.

மேற்கு வர்ஜீனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூனில் செனட்டர் ராபர்ட் பேர்ட் இறந்தார். அந்த இடத்துக்கு நின்று ஜெயித்த ஆளுநர் ஜோ மான்சின் நவம்பரில் வாஷிங்டன் போய்விட்டார். மாநில செனட்டின் தலைவர் ஏர்ல் ரே டோம்ப்ளின் ஆளுநர் பொறுப்பைப் பார்த்தார். 2012 பொதுத்தேர்தல் வரை அப்படியே ஓட்டிவிடலாமா என்ற வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் மூன்று ஆண்டுகளுக்குள் இடம் காலியானால் புதிய தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது அந்த மாநில அரசமைப்புச் சட்டம், மான்சினோ இரண்டாவது பதவிக்காலத்தில் இரண்டு ஆண்டுகூட முடிக்கவில்லை, அதனால் ஓராண்டுக்குள் புதிய ஆளுநர் வந்தாக வேண்டும் என்று 2011 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அக்டோபர் 4 அன்று தேர்தல். பில் மலோனியைக் குறைந்த வித்தியாசத்தில் தோற்கடித்தார் டோம்ப்ளின். அவருக்குக் கிடைத்ததும் மிச்சக் காலம் மட்டுமே, முழுப் பதவிக்காலம் வேண்டுமென்று 2012 நவம்பரில் மறுபடி ஓட்டு கேட்டு நின்றார். இது இடைத்தேர்தல் இல்லையென்றால் வேறு எது?

> ‘இடைத்தேர்தல்’ என்றால் அமெரிக்காவின் இடைக்காலத் தேர்தலோடு குழம்பாதா?

இது நியாயமான கேள்வி. அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடப்பதை இடைக்காலத் தேர்தல் என்கிறோம், சட்டமன்றத்தை முன்கூட்டியே கலைத்துவிட்டு நடத்துவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம், அந்தச் சொல்லே ஏற்கெனவே இரண்டு சுமை தூக்குகிறது. ஆனால் குழப்பத்துக்கு மருந்து ‘இடைக்காலத் தேர்தல்’ என்ற சொல்லை மாற்றுவது. அதற்கு ‘நடுத்தவணைத் தேர்தல்’ என்று தனி இழையில் பேசலாம். ‘எச்சகாலத் தேர்தல்’ என்று இங்கே வந்த முன்மொழிவுக்கு மன்னிக்கவும், எச்சம் என்றதும் எனக்குக் காக்கைதான் ஞாபகம் வருகிறது.

இன்னொரு சிக்கல், நம் ஊரில் ஆளுநர் தேர்தலே கிடையாது, குடியரசுத் தலைவர் நியமிப்பவர் அவர். முதலமைச்சர் இறந்தாலும் அவர் தொகுதிக்குத்தான் இடைத்தேர்தல், பதவிக்கு இல்லை. ஆகவே ‘ஆளுநர் இடைத்தேர்தல்’ முதல் தடவை காதில் விழும்போது உறுத்தும். உறுத்தட்டும், ‘சிறப்பு’ போட்டால் மட்டும் அந்த உறுத்தல் போய்விடாது.

அப்புறம் கலிபோர்னியா 2003. அதையும் அங்கே ‘ஸ்பெஷல் எலெக்‌ஷன்’ என்றே அறிவித்தார்கள், ஆனால் நாற்காலி காலியாகவே இல்லை. 2002 நவம்பரில் மறுபடி ஜெயித்த கிரே டேவிஸை இறக்க வேண்டும் என்று மக்களிடம் கையெழுத்து வாங்கி, 2003 அக்டோபர் 7 அன்று ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்வி வைத்தார்கள்: இவரை நீக்கலாமா, நீக்கினால் யார்? இரண்டாவது கேள்விக்கு 135 வேட்பாளர்கள், அங்கே டேவிஸ் பெயர் இருக்க முடியாது. நீக்கலாம் என்றவர்கள் 55 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் ஆளுநரானார். இதைப் போய் இடைத்தேர்தல் என்றால் கதையின் பாதி காணாமல் போகும்.

இந்த வகைத் தேர்தலுக்கு ‘பதவிநீக்கத் தேர்தல்’ என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. பதவிநீக்கம் அவையோ மேலதிகாரியோ செய்வது. தவிர 2012 ஜூனில் விஸ்கான்சினில் ஆளுநர் ஸ்காட் வாக்கர் இதே வகைத் தேர்தலில் ஜெயித்துப் பதவியில் நீடித்தார், 2021இல் கலிபோர்னியாவில் ஆளுநர் கவின் நியூசமும் தப்பினார். நீக்கம் நடக்காத தேர்தலுக்கு நீக்கம் என்று பெயர் வைப்பானேன்? ‘திரும்ப அழைக்கும் உரிமை’ நம் மேடைகளில் ரொம்ப காலமாகப் புழங்குகிறது, அதையே சுருக்கி ‘மீளழைப்புத் தேர்தல்’ எனலாம். விஸ்கான்சினில் ‘நீக்கலாமா’ என்ற தனிக் கேள்வியே கிடையாது, வாக்கரும் டாம் பாரெட்டும் நேருக்கு நேர் மோதினார்கள். கலிபோர்னியாவின் முதல் கேள்வியை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மீளழைப்பு வாக்கெடுப்பு’ போதும்.

டோம்ப்ளினின் முதல் ஓராண்டுக்கு ‘தற்காலிக ஆளுநர்’ வேண்டாம், ‘பொறுப்பு ஆளுநர்’ போடுங்கள். 2016 செப்டம்பர் முதல் 2017 அக்டோபர் வரை மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ் தமிழ்நாட்டையும் சேர்த்துப் பார்த்தபோது நம் பத்திரிகைகள் தினமும் எழுதிய சொல்தான்.

ஆக, என் ஓட்டு: காலியிடம் என்றால் இடைத்தேர்தல், மக்கள் கையெழுத்தால் வந்தது என்றால் மீளழைப்புத் தேர்தல், ‘சிறப்பு’ எங்கேயும் வேண்டாம். அமெரிக்க மாநிலங்களில் ஆளுநருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ‘லெப்டினன்ட் கவர்னர்’ இன்னும் பாக்கி இருக்கிறது. ‘துணைநிலை ஆளுநர்’ என்று போட்டால் புதுச்சேரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ‘துணை ஆளுநர்’ சரிவருமா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.