மகளா, தங்கையா? 1851 கணக்கெடுப்பில் ஒரு சிக்கல்

வணக்கம். இங்கிலாந்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் யாராவது உதவுங்கள்.

என் கணவரின் முன்னோர் பிரஸ்டன் நகரப் பருத்தி ஆலைத் தொழிலாளிகள். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த வீட்டில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, 'மருமகள்' என்று. மனைவி கூட்டிவந்த பிள்ளையையும் அப்போது அப்படித்தான் எழுதுவார்களாம், சரி. ஆனால் 1861-இல் அவளே வீட்டுத் தலைவருக்குக் 'கொழுந்தியாள்'!

1841-இல் அவளுக்கு 2 வயது. கூட இருப்பவர்கள் 60 வயது அம்மாள் ஒருவரும், பின்னாளில் அந்த வீட்டுத் தலைவரின் மனைவியான 20 வயதுப் பெண்ணும். அந்த ஆண்டு உறவுமுறையே குறிக்கவில்லை. பெரியவர்கள் வயதையும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்தே எழுதினார்கள். அறுபதைத் தொட்டவருக்கு 2 வயதுக் குழந்தை இருக்க வழியில்லை. இளையவள் பெற்றதைப் பாட்டி தன் பிள்ளையாக வளர்த்தார் என்றே நினைக்கிறேன். அந்தச் சிறுமியின் திருமணச் சான்றிதழில் தந்தை பெயர்க் கட்டத்தில் வெறும் கோடுதான்.

பிறப்புப் பதிவும் கிடைக்கவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயர் மட்டும் இருக்குமா? குழந்தையின் தகப்பனிடம் பராமரிப்புப் பணம் கேட்ட நீதிமன்ற உத்தரவுகளை லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் எப்படித் தேடுவது? 84 வயதாகும் என் மாமியார் தினமும் கேட்கிறார்.