மறு: ‘தூய காற்று வழங்கு விகிதம்’ – ‘தெளிகாற்று வீதம்’ என்று மாற்றலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றுச் சுத்திகரிப்பான் கையேட்டுக்கான சொற்பட்டியலில் மற்றதெல்லாம் ஓடிவிட்டது. சி.ஏ.டி.ஆர். (Clean Air Delivery Rate – கருவி மணிக்கு எவ்வளவு காற்றைச் சுத்தமாக்கி விடுகிறது என்ற அளவு) என்ற ஒன்றுடன் மட்டும் இரண்டு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது பட்டியலில் இருப்பது ‘தூய காற்று வழங்கு விகிதம்’. இதில் எனக்கு ஒரு சின்னக் குறையும் ஒரு பெரிய குறையும் உண்டு.

சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். விகிதம் என்றால் இரண்டு அளவுகளுக்கு இடையிலான பங்கு. இங்கே நாம் சொல்வது மணிக்கு இத்தனை கன மீட்டர் என்ற கணக்கு. அதற்கு ‘வீதம்’தான் பொருந்தும். வட்டி விகிதம் என்று எழுதி எழுதி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம், அவ்வளவுதான்.

பெரிய குறை ‘வழங்கு’ என்பதில். அதைப் படித்தவுடன், கருவி எங்கிருந்தோ நல்ல காற்றைக் கொண்டுவந்து அறைக்குள் விடுகிறது என்ற எண்ணம் வரும். அது அப்படிச் செய்வதே இல்லை. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்து, தூசையும் புகையையும் பிடித்து வைத்துக்கொண்டு, திரும்ப அதே அறைக்குள் விடுகிறது. நாம் மூச்சுவிடுவதால் சேரும் கார்பன் டை ஆக்சைடை அது தொடுவதுகூட இல்லை. இது புரியாததால் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ‘அதுதான் நல்ல காற்று தருகிறதே’ என்று நாள் முழுக்க சன்னலைச் சாத்தி வைத்துவிட்டு, அறை இறுக்கமாக இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் ஒரு பக்கம். சன்னலை விரியத் திறந்துவிட்டுக் கருவியையும் ஓடவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். சரியான முறை: வெளியே புகை இருக்கும்போது சாத்தி ஓட்டுவது, வெளியே தெளிந்ததும் கொஞ்ச நேரம் திறந்துவிடுவது. இதை நம் சொல் தடுக்காமலாவது இருக்க வேண்டும்.

> சொல் நேர்பொருளில் இருக்கட்டும். விளக்கத்தைக் கையேடு பார்த்துக்கொள்ளும்.

ஐயா, கையேட்டை யார் படிக்கிறார்கள்? என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வாங்கிய சுத்திகரிப்பான் மூன்று வாரம் இரவும் பகலும் ஓடியது. அலமாரி மேல் தூசு குறையவே இல்லை. நான் போனபோது பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வடிகட்டி கடையில் வந்த நெகிழி உறையோடு பளபளவென்று அப்படியே இருந்தது. காற்று அதைச் சுற்றி விளிம்பு வழியாக எப்படியோ போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. கையேட்டின் தமிழ்ப் பக்கத்தில் ‘பயன்பாட்டிற்கு முன் பொதியை நீக்கவும்’ என்று இருந்தது. அவள் அட்டைப்பெட்டியைத்தான் நீக்கியிருக்கிறாள். அவள் மேல் என்ன தவறு? பொதி என்றால் பெட்டிதானே! இது எழுதியவர் செய்த தவறு. அதையேதான் நாமும் செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மாற்றாக என்ன? ‘தெளிகாற்று வீதம்’ என்கிறேன். தெளிநீர் நமக்குப் பழகிய சொல். கலங்கிய தண்ணீர் தெளிவது போலக் காற்றும் தெளிகிறது. சுடுநீர், ஊறுகாய் மாதிரி இது வினைத்தொகை. அதனால் நடுவில் வல்லெழுத்தும் மிகாது. எனக்கு இதில் பிடித்ததே அந்த வினைத்தொகைதான். தெளிந்த காற்று, தெளிகிற காற்று, தெளியும் காற்று என்று மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. கருவி செய்வதும் அதுதான்: தெளிந்தது கலங்கலோடு கலக்கிறது, கலந்தது மறுபடி உள்ளே போகிறது.

கணக்காகப் பார்த்தால் இன்னும் விளங்கும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கும். தெளிகாற்று வீதம் மணிக்கு 180 கன மீட்டர் என்றால் மணிக்கு 5 சுற்று, அதாவது அறைக் காற்றின் அளவைப் போல 5 மடங்கு காற்று கருவி வழியாகப் போய் வரும். ஒரே ஒரு சுற்றில் அறை சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறோம். தெளிந்ததும் கலங்கலும் கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்று முடியும்போது நூற்றில் 37 பங்கு தூசு மிச்சம் இருக்கும். இரண்டு சுற்றில் 13 அல்லது 14. ஐந்து சுற்றில்தான் ஒன்றுக்கும் கீழே இறங்கும். அதுவும் புதிதாக எதுவும் சேராவிட்டால். (இந்தச் ‘சுற்று’க்குப் பட்டியலில் ‘காற்று மாற்றம்’ என்று இருக்கிறது. அதுவும் வெளிக்காற்று வருவதாகத்தான் காதில் விழுகிறது. ‘மணிக்குச் சுற்று’ என்றே வைத்துக்கொள்ளலாம்.)

> 99.97 விழுக்காடு என்று பெட்டியிலேயே போட்டிருக்கும்போது இந்த வீதம் எதற்கு?

நல்ல கேள்வி. 99.97 என்பது ஹெப்பா என்ற நுண்துகள் வடிகட்டித் தாளின் வழியாக ஒருமுறை போகும் காற்றில் 0.3 மைக்ரான் துகள் எவ்வளவு பிடிபடும் என்ற கணக்கு. எவ்வளவு காற்று போகிறது என்று அது சொல்லாது. தெளிகாற்று வீதத்தில் இரண்டும் சேர்ந்திருக்கிறது: பிடிக்கும் திறனும் ஓட்டமும். 2020-இல் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசன்தாலும் பரப்பிய, வீட்டிலேயே செய்துகொள்ளும் சுத்திகரிப்புப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். சதுர மின்விசிறியோடு சாதாரண வடிகட்டி அட்டைகளை நாடாவால் ஒட்டியது. ஹெப்பா கிடையாது. ஆனாலும் ஓட்டம் பெரிதாக இருப்பதால் அறையை நன்றாகவே தெளியவைக்கிறது. அப்புறம் ஒன்று: கடையில் வாங்கும் கருவியின் அட்டைப்பெட்டியில் அச்சிடுவது பெரும்பாலும் உச்ச வேகத்துக்கான வீதம். இரவில் சத்தம் தாங்காமல் கடைசி வேகத்துக்குக் குறைத்தால் வீதமும் கூடவே விழும். அதனால் நடு வேகத்திலேயே அறைக்குப் போதுமானதாகப் பார்த்து வாங்க வேண்டும். திரைச்சீலைக்குப் பின்னாலும் சுவரை ஒட்டியும் வைத்தால் அந்த ஓட்டமும் கெடும்.

> அப்படியானால் கருவிக்கே ‘காற்றுத் தெளிப்பான்’ என்று பெயர் வைத்துவிடலாமே.

வேண்டாம் அம்மா! தெளிப்பான் என்றால் பூச்சிமருந்து அடிப்பது. வாசனை பீய்ச்சும் டப்பா என்று நினைத்துவிடுவார்கள். ‘தெளிவிப்பான்’ இலக்கணப்படி சரிதான், ஆனால் நாக்கில் ஒட்டவில்லை. கருவி சுத்திகரிப்பானாகவே இருக்கட்டும்.

ஹெப்பாவுக்கு ‘நுண்சல்லடை’ என்று வந்த முன்மொழிவையும் நான் ஏற்கவில்லை. 1940-களில் அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க உருவான இது, சல்லடை போல வேலை செய்வதில்லை. பெரிய துகள் வேகத்தில் வந்து இழையில் மோதி ஒட்டுகிறது. மிகச் சிறியது நேராகப் போகாமல் அலைந்து அலைந்து இழையில் பட்டு ஒட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 0.3 மைக்ரான் அளவுதான் பிடிக்கக் கடினம். அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். சல்லடை என்றால் ஓட்டையைவிடச் சிறியது எல்லாம் தப்பிவிடும் என்று பொருளாகிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சல்லடை, வடிகட்டி என்றாலே நம் கை குழாயடிக்குப் போகும். ஹெப்பாவைக் கழுவினால் போச்சு. முன்னால் இருக்கும் வலையைத்தான் அலசலாம், அல்லது தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்யலாம். ஆகவே அதை ‘முன்வலை’ என்றும், மடிப்பு மடிப்பாக இருப்பதை ‘ஹெப்பா தாள்’ என்றும் வைக்கலாம். தாளை யாரும் தண்ணீரில் நனைக்க மாட்டார்கள்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

தெளிகாற்று வீதம் – சுத்திகரிப்பான் ஒரு மணி நேரத்தில் துகள் நீக்கி அதே அறைக்குத் திருப்பிவிடும் காற்றின் அளவு, கன மீட்டரில். புகை, தூசு, மகரந்தம் என்று தனித்தனியாகத் தரப்படலாம்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்.

பி.கு.: அந்தப் பொதி வரியையும் நாமே எழுதிக் கொடுத்துவிடலாம். ‘பின்மூடியைத் திறந்து, ஹெப்பா தாளை வெளியே எடுத்து, அதன் மேலிருக்கும் நெகிழி உறையைக் கிழித்துப் போடுங்கள். பிறகு தாளைத் திரும்பப் பொருத்துங்கள்.’ கடைசி வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள். என் தங்கையை எனக்குத் தெரியும்.