ஞானஸ்நானம் வாங்காமலே போயிட்டவங்க உங்க வீட்டுல யாராச்சும் உண்டா? நடந்தத எழுதுங்க

பாளை_ஜெபா:

எங்க பெரியம்மா விஷயம் மனச அறுத்துக்கிட்டே இருக்கு, அதான் இங்க போடுறேன். பெரியப்பா ஊர்க் கோவில் தர்மகர்த்தா. அதனால பெரியம்மா வருஷக்கணக்கா ஏசப்பாவ நம்பியும் முழுக்கு (ஆளத் தண்ணிக்குள்ள முழுசா முக்கிக் குடுக்கிற ஞானஸ்நானம்) எடுக்கல. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு மார்க்கெட் போறேன்னு சொல்லிட்டு பையோட வருவாங்க, பைக்குள்ள பைபிள், அதுக்கு மேல கீரைக்கட்டு. கடைசியில கிட்னி போயி ஐசியூல கெடக்கும்போது அவங்களே ஜாடையில கேட்டாங்க, உச்சந்தலையில தண்ணி ஊத்துற மாதிரி கையக் காமிச்சாங்க. நான் பாஸ்டருக்கு போன் போட்டேன், உடனே வந்தாரு, நல்லா ஜெபம் பண்ணாரு, அழுதாருகூட. தண்ணி பாட்டில நான்தான் கீழ கடையில வாங்கி அவரு கையில குடுத்தேன். மூடியப் பிடிச்சுக்கிட்டு திருகாமலே கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் "தெளிக்கிறது நம்ம உபதேசத்துல இல்லம்மா, எந்திரிச்சு வரட்டும், முழுக்கு குடுத்துருவோம்"னு சொல்லி பாட்டில ஸ்டூல் மேல வச்சுட்டுப் போயிட்டாரு. எந்திரிக்கல. மறுநாள் விடியுமுன்னே முடிஞ்சிருச்சு.

விசுவாசிச்சு ஞானஸ்நானம் வாங்கினவன் ரட்சிக்கப்படுவான்ங்கிற மாற்கு 16:16 எனக்கும் மனப்பாடம், வசனம் வேண்டாம். இப்படி யாருக்காச்சும் நடந்திருந்தா அத மட்டும் சொல்லுங்க.

நைட்_டூட்டி:

நான் கிறிஸ்டியன் கிடையாது, முதல்லயே சொல்லிடுறேன். என்ஐசியூல, அதாவது பச்சப்பிள்ளைங்க ஐசியூல, நர்ஸா இருந்தப்ப நடந்தது. ஆறு மாசத்துலயே பொறந்த பிள்ள, உள்ளங்கை அளவுதான் இருக்கும், ரத்தத்துல ஆக்சிஜன் அளவு இறங்கிட்டே போகுது. அம்மாக்காரி இன்னும் தியேட்டர்ல இருந்து வரல. கடற்கரை ஊர்க்காரங்க, ஆர்.சி. ஆச்சி மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நிக்காங்க. சாமியார் வர நேரமாகும்னு போன்ல சொல்லிட்டாங்க போல. ஆச்சி என்னையக் கூப்பிட்டு "நீயே ஊத்திரு தாயி, அவசரத்துக்கு யாரு ஊத்துனாலும் செல்லும்"னாங்க. பதட்டத்துல உளறுறாங்கன்னுதான் நெனச்சேன். சரி, இதுல என்ன போகுதுன்னு டிஸ்டில்டு வாட்டர சிரிஞ்சுல எடுத்து, ஊசிய கழட்டிட்டு, குளிர்ச்சி போக உள்ளங்கையில வச்சு சூடு பண்ணி நெத்தியில சொட்டு சொட்டா விட்டேன். ஆச்சி வெளிய நின்னு போன்ல ஒவ்வொரு வார்த்தையா சொல்ல நான் அப்படியே திருப்பிச் சொன்னேன், தந்தை மகன் தூய ஆவின்னு. மூணாவது தடவ தண்ணி பட்டதும் பிள்ள புருவத்த சுருக்குச்சு. அந்த சுருக்கம் இன்னைக்கும் கண்ணுல நிக்குது.

எனக்கு உறுத்துறது வேற. எனக்கு நம்பிக்கை இல்ல. பிள்ளைக்கு அதுக்கு வயசு இல்ல. அப்ப நீங்க எல்லாரும் சொல்ற அந்த விசுவாசம் அந்த ரூம்ல யாருகிட்ட இருந்துச்சு? கதவுக்கு வெளிய நின்ன ஆச்சிகிட்டயா?

ஆயத்தமாயிரு:

ஸ்தோத்திரம். ஜெபா சிஸ்டர் வருத்தம் புரியுது, ஆனா அந்தப் பாஸ்டர் மேல தப்பு சொல்ல முடியாது, மனசாட்சிக்கு விரோதமா அவரு எப்படிச் செய்வாரு. என் அனுபவம் சின்னதுதான். எங்கப்பா உபதேசியாரா இருந்தவரு, எனக்கு குழந்தையிலயே தெளிச்சு பேரு வச்சாச்சு. காலேஜ் படிக்கும்போது ரட்சிக்கப்பட்டு, வீட்டுல சொல்லாம ஆத்துல முழுக்கு எடுத்துட்டு ஈரத்தலையோட வந்தேன். அப்பா திண்ணையில பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு. என்னையப் பாத்துட்டு எந்திரிச்சு உள்ள போயி பீரோவுல இருந்து என்னோட பழைய ஞானஸ்நான சர்டிபிகேட்ட எடுத்துட்டு வந்து "அப்ப இது யாருக்குல?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவரு போற வரைக்கும் சபை விஷயம் எதுவும் எங்கிட்ட பேசல.

சரி, விஷயத்துக்கு வரேன். அப்போஸ்தலர் 2:38 வரிசையப் பாருங்க, முதல்ல மனந்திரும்புதல், அப்புறம் ஞானஸ்நானம். 8ம் அதிகாரத்துல எத்தியோப்பிய மந்திரி தண்ணியப் பாத்த உடனே தடை என்னன்னு கேட்டு ரதத்த விட்டு இறங்குறான், நாளைக்கு பாப்போம்னு சொல்லல. உடனே எல்லாரும் ஏசப்பாகூட சிலுவையில தொங்கி, ஞானஸ்நானம் இல்லாமலே ரட்சிக்கப்பட்ட கள்ளனக் கூட்டிட்டு வருவீங்க, அவனுக்கு இறங்கி வந்து எடுக்க வழி இல்ல, நமக்கு வழி இருக்கு. குழந்தைக்கு தண்ணி விட்டா குழந்தை நனையும், அவ்வளவுதான், நர்ஸ் சிஸ்டர் தப்பா எடுத்துக்காதீங்க. அதனால எடுக்கணும்னு மனசுல இருக்கிறவங்க தள்ளிப் போடாதீங்க, ஆனா யோசிச்சு செய்ங்க. ஆத்துல எடுக்கிறதா இருந்தா டேம்ல தண்ணி திறந்திருக்கானு விசாரிச்சுட்டுப் போங்க, ஐப்பசி கார்த்திகையில ஆறு வேண்டவே வேண்டாம், தொட்டி இருக்கிற சபையாப் பாத்துக்கோங்க. மெல்லிசு வெள்ளைத் துணி போடாதீங்க, பெண்கள் ஷால குறுக்க கட்டி பின் குத்திக்கோங்க. சுகர் இருக்கிறவங்க உபவாசம்னு வெறும் வயித்தோட இறங்காதீங்க, அப்படி ஒருத்தரு தண்ணிக்குள்ளயே மயங்குனத நான் பாத்திருக்கேன், சபையார் எல்லாம் ஆவி இறங்கிட்டாரு, அபிஷேகம்னு கைதட்டிட்டாங்க. மொபைல சட்டைப்பையில வச்சுட்டே இறங்குறவங்க இன்னும் இருக்காங்க. மாத்துத்துணி, துண்டு, பாலித்தீன் கவர் மறக்காதீங்க.

தரங்கை_பேத்தி:

ஆயத்தமாயிரு அண்ணே, வசனம் வேண்டாம்னு அவங்க சொன்னப்புறமும் அஞ்சு வரி கதை, பதினஞ்சு வரி பிரசங்கம். உங்களுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும்.

என் கதை முதல்ல. நாங்க பரம்பரை லுத்தரன். எனக்கு கைக்குழந்தையில ஞானஸ்நானம், அப்புறம் ஞானோபதேசம் (சபையோட உபதேசப் பாடம்) படிச்சு திடப்படுத்தல் (வளந்தப்புறம் அந்த விசுவாசத்த நாமளே அறிக்கை பண்றது), எல்லாம் ஆச்சு. மாப்பிள்ளை வீடு முழுக்கு சபை. நிச்சயம் முடிஞ்ச பிறகு சொல்றாங்க, பொண்ணு முழுக்கு எடுத்தாத்தான் எங்க பாஸ்டர் கல்யாணம் நடத்துவாருன்னு. எங்கம்மா மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சேன்னு அழுதாங்க. மேடைப் பலகைய தூக்கினா அடியில தொட்டி. நான் இடுப்பளவு தண்ணியில நிக்கேன், மாமியார் படிக்கட்டுல துண்டோட நிக்காங்க. பாஸ்டர் "இயேசுவ சொந்த ரட்சகரா ஏத்துக்கிட்டியா"ன்னு கேட்டாரு. நான் "எப்பவோ ஏத்துக்கிட்டேன் ஐயா"ன்னேன். பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அவரு மறுபடியும் அதையே கேட்டாரு. மறுபடியும் எப்பவோன்னேன். "ஆமான்னு சொல்லும்மா, வீடியோ ஓடுது"ன்னு மெதுவா சொன்னாரு. ஆமான்னேன், முக்கிட்டாரு.

இப்ப அண்ணனுக்கு. நீங்க சொல்ற வரிசை அப்போஸ்தலர் 10ல தலைகீழா இருக்கே? கொர்நேலியுங்கிற ரோமப் படை அதிகாரி வீட்டுல பரிசுத்த ஆவி முதல்ல வந்துட்டாரு, தண்ணி அப்புறம்தான். 16ல பிலிப்பி சிறைச்சாலைக்காரன் ராத்திரியோட ராத்திரியா வீட்டாரோட வாங்குறான், வீட்டுல குழந்தை இல்லன்னு எங்க எழுதியிருக்கு? மாற்கு 16:16லயே ரெண்டாவது பாதியப் படிங்க, விசுவாசிக்காதவனுக்குத்தான் ஆக்கினை, ஞானஸ்நானம் வாங்காதவனுக்குன்னு அங்க இல்ல. எங்க சபைக்குப் பேரு குடுத்த லூத்தர் தன்னோட பெரிய ஞானோபதேசம்ங்கிற புத்தகத்துல என்ன சொல்றாருன்னா, என் விசுவாசம் ஞானஸ்நானத்த உண்டாக்கல, அது வாங்கிக்குது, அவ்வளவுதான். அந்தக் கணக்குல தாறது தேவன், குழந்தையா இருந்தா என்ன, கிழவியா இருந்தா என்ன. அதுக்காக நாங்க ஆளப் பிடிச்சு தண்ணி ஊத்துற கூட்டமும் இல்ல. 1706ல லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில இறங்கி, 1707ல முதல்ல ஞானஸ்நானம் குடுத்தது டேனிஷ்காரங்க வீட்டு அடிமைங்க அஞ்சு பேருக்கு, அதுவும் உபதேசம் படிக்க வச்சுத்தான். அப்புறம் ஜெபா, உங்க பெரியம்மா மாதிரி ஆளுங்க நிறையப் பேரு. ஹெர்பர்ட் ஹோஃபர்னு எங்க லுத்தரன் மிஷனரி ஒருத்தர் 1980கள்ல சென்னையில சர்வே எடுத்து, ஞானஸ்நானம் வாங்காம, சபையிலயும் சேராம வீட்டுக்குள்ளயே ஏசுவக் கும்பிடுறவங்களப் பத்தி தனியா புத்தகமே போட்டிருக்காரு. கீரைக்கட்டுக்கு அடியில பைபிள் வச்சிருந்தது உங்க பெரியம்மா மட்டும் இல்ல.

சேனைப்பிள்ளை:

குமரி மாவட்டம், ரட்சணிய சேனை. எங்களுக்கு தண்ணியே கிடையாது. சேனைய ஆரம்பிச்ச வில்லியம் பூத் 1883லயே ஞானஸ்நானம், ராப்போஜனம் (திருவிருந்து) ரெண்டும் வேண்டாம்னு விட்டுட்டாரு. பிள்ளைய கொடிக்கு கீழ பிரதிஷ்டை பண்ணுவோம், வளந்தப்புறம் போர்ச்சேவகனா (சபை அங்கத்தினருக்கு எங்க பேரு) சேருவோம், அதுதான். என் தங்கச்சிக்கு வேற சபையில சம்மந்தம் வந்தப்ப அங்க ஒரு ஃபாரம் குடுத்தாங்க, ஞானஸ்நானத் தேதின்னு ஒரு கட்டம். எங்கப்பா பேனாவ வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தையே பாத்துட்டு "இயேசுவுக்குள்ள தினமும்"னு எழுதிட்டாரு. சபை செயலாளர் வாங்கிப் பாத்துட்டு ஒயிட்னர் கேட்டாரு. கல்யாணம் அங்க நடக்கல, வேற எடத்துல நடந்துச்சு, நல்லா இருக்காங்க.

பவுலே ஞானஸ்நானம் குடுக்க என்னைய அனுப்பலன்னு சொல்லியிருக்காரு, 1 கொரிந்தியர் 1:17.

பேர்_வேண்டாம்:

ஆயத்தமாயிரு, தள்ளிப் போடாதீங்கன்னு நீங்க ஈசியா சொல்லிட்டீங்க. எங்க தெருவுல வந்து சொல்லுங்க பாப்போம். 1950 ஜனாதிபதி ஆணைப்படி இந்து, அதுக்கப்புறம் 1956ல சீக்கியர், 1990ல பௌத்தர், இவங்களுக்குத்தான் எஸ்.சி. தண்ணிக்குள்ள போயி வெளிய வந்தா தமிழ்நாட்டுல நாங்க பி.சி. தெரு அதே தெரு, டீக்கடையில பார்வை அதே பார்வை, சர்டிபிகேட் மட்டும் மாறிடும். 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு புதுச்சேரிப் பெண் ஒருத்தங்க வழக்குல குழந்தையில வாங்கின ஞானஸ்நானத்த எடுத்துக் காட்டித்தான், சர்ச்சுக்கும் போறீங்க, இந்து எஸ்.சி.ன்னு கேக்க முடியாதுன்னு சொல்லுச்சு. அவங்களுக்கு தண்ணி ஊத்தினப்ப அவங்க தொட்டில்ல இருந்திருப்பாங்க.

எங்கம்மா ஞாயித்துக்கிழமை தவறாம போவாங்க, கடைசி வரிசை, திருவிருந்து குடுக்கும்போது எந்திரிச்சு வெளிய வந்து செருப்புகிட்ட நிப்பாங்க. எனக்கு சர்டிபிகேட் போட்டப்ப வீட்டுக்கு ஆர்.ஐ. வந்தாரு. அவரு வர்றாருன்னு தெரிஞ்சு அம்மா சுவத்துல இருந்த வசனக் காலண்டர கழட்டி அரிசி டிரம்முக்கு பின்னாடி வச்சுட்டாங்க. அடுப்புப் புகை பட்டு கறுத்த சுவர், காலண்டர் இருந்த எடம் மட்டும் கட்டம் போட்ட மாதிரி வெள்ளையா இருக்கு. அவரு அந்தக் கட்டத்தப் பாத்தாரு, அம்மாவப் பாத்தாரு, "தண்ணி எடுத்துட்டியாம்மா"ன்னு கேட்டாரு. எனக்கு உயிரே போச்சு. அம்மா குடிக்கத்தான் கேக்குறாருன்னு நெனச்சு சொம்புல கொண்டு வந்து குடுத்தாங்க. குடிச்சுட்டு எழுதிட்டுப் போயிட்டாரு. அம்மா இன்னும் வாங்கல. எனக்கு வேலை கிடைச்சப்புறம் வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள ஏதாவது ஆயிருச்சுன்னா யாரு பொறுப்புன்னு உங்க வசனத்துல பாத்துச் சொல்லுங்க.

மாஜி_பிரதர்:

கத்தோலிக்க சாமியாருக்குப் படிக்கிற செமினரில கொஞ்ச காலம் இருந்தவன், அங்க படிச்சது மறக்கல, அதனால எழுதுறேன். ஜெபா, 392ல இரண்டாம் வாலந்தீனியன்னு ஒரு ரோமப் பேரரசன், சின்ன வயசு. ஆம்புரோஸ் ஆயர்கிட்ட திருமுழுக்கு (ஞானஸ்நானத்துக்கு எங்க பேரு) வேணும்னு ஆள் அனுப்பியிருந்தான், அவரு போய்ச் சேருறதுக்குள்ள செத்துட்டான். தங்கச்சிமாரு கதறுறாங்க, வாங்காம போயிட்டானேன்னு. அடக்கத்துல ஆம்புரோஸ் சொன்ன ஆறுதல் என்னன்னா, அவன் கேட்டான், கேட்டவனுக்கு கிடைச்சிருக்கும்னுதான். ஆசைத் திருமுழுக்குன்னு எங்க சபையில சொல்றது இதைத்தான். கடவுள் ரட்சிப்ப திருமுழுக்கோட கட்டி வச்சிருக்காரு, ஆனா அவரு அதுக்குள்ள கட்டுப்பட்டவரு இல்லன்னு கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டுலயே இருக்கு. பாட்டில் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, ஆதிச் சபை நூல் டிடாக்கேல ஓடுற தண்ணி இல்லன்னா வேற தண்ணி, எதுவும் போதலன்னா தலையில மூணு தடவ ஊத்துன்னுதான் இருக்கு. மூணாம் நூற்றாண்டுலயே படுக்கையில ஊத்தினது செல்லுமான்னு சண்டை வந்து, செல்லும்னு சிப்ரியான்ங்கிற ஆயர் கடிதம் எழுதியிருக்காரு.

நைட் டூட்டி சிஸ்டர், ஆச்சி உளறல. ஆபத்துல யாரு வேணும்னாலும் குடுக்கலாம், திருமுழுக்கு வாங்காதவங்க கூட, சபை நெனக்கிறத செய்யணும்னு எண்ணம் இருந்தா போதும், தண்ணியும் வார்த்தையும் சரியா இருக்கணும். வார்த்தை மாறினாத்தான் வம்பு. அமெரிக்காவுல டெட்ராய்ட்ல ஒரு ஃபாதர் தன்னோட குழந்தைத் திருமுழுக்கு வீடியோவ போட்டுப் பாத்தா, குடுத்தவரு "நான்"னு சொல்றதுக்கு பதிலா "நாங்கள்"னு சொல்லியிருக்காரு. அப்படிச் சொன்னா செல்லாதுன்னு 2020ல ரோம்ல இருந்து பதில் வந்துருச்சு. அவருக்கு மறுபடி திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், குருப்பட்டம் எல்லாம் முதல்ல இருந்து. நீங்க ஆச்சி சொன்னத அப்படியே சொன்னீங்கல்ல, அது போதும். யாருகிட்ட விசுவாசம்னு கேட்டீங்க, குழந்தைக்கு சபையோட விசுவாசத்துலதான் குடுக்கிறது, அன்னைக்கு அங்க சபைன்னு நின்னது ஆச்சிதான்.

என் அனுபவம்னு பாத்தா பெருசா இல்ல, ஒரு தடவ பங்குல பழைய பதிவேடு காப்பி எடுத்தேன், பிறந்த தேதியும் இறந்த தேதியும் ஒண்ணா இருக்கிற வரி நிறைய வந்துச்சு, குடுத்தவர்ங்கிற கட்டத்துல மருத்துவச்சி பேரு. அந்தப் பிள்ள பிழைச்சுதா சிஸ்டர்?

நைட்_டூட்டி:

காலையில வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல மாத்திட்டாங்க. அதுக்கு மேல தெரியல. ஆச்சி போகும்போது அந்த சிரிஞ்ச கேட்டாங்க, தர முடியாது, வேஸ்ட்ல போட்டாச்சுன்னு சொன்னேன்.

பாளை_ஜெபா:

மாஜி பிரதர், ரொம்ப நன்றி. அந்த ராஜா கதைய எங்க அக்காவுக்கு வாசிச்சுக் காமிச்சேன். பாஸ்டர யாரும் திட்டாதீங்க, எரிக்கிற எடத்துக்கு சபையில இருந்து வந்தது அவரு ஒருத்தர்தான், பெரியப்பா வீட்டு ஆளுங்க மொறச்சப்பவும் நகரல. ஆனா எனக்கு அவரு மேல கோவம் போகல.

ஆயத்தமாயிரு:

பேர் வேண்டாம் சிஸ்டர், உங்க அம்மாவுக்காக ஜெபிக்கிறேன், கர்த்தர் வழி திறப்பாரு. கொர்நேலியு விஷயத்துல தரங்கை சிஸ்டர் பாதிய விட்டுட்டாங்க, ஆவி வந்தப்புறமும் பேதுரு அவங்களுக்கு தண்ணி வேண்டாம்னு சொல்லல, குடுக்கத்தான் கட்டளையிட்டாரு. சேனை பிரதருக்கு 1 கொரிந்தியர் விளக்கம் நைட் எழுதுறேன், இப்ப வண்டியில போயிட்டு இருக்கேன்.

சேனைப்பிள்ளை:

ஓட்டிக்கிட்டா டைப் பண்ணுதீங்க? ஓரமா நிறுத்துங்க அண்ணே முதல்ல.