கடலோர வீட்டில் செம்புக் குளியல் தொட்டி நிலைக்குமா?

உப்புவெளிவாசி:
உப்புவெளியில் நாங்கள் கட்டிவரும் வீட்டின் மேல்மாடிக் குளியலறையில், சுவரை ஒட்டாமல் தனித்து நிற்கும், கையால் அடித்துச் செய்த செம்புத் தொட்டியொன்றை வைக்க விரும்புகிறோம். கடற்காற்று அதைக் கெடுத்துவிடுமா?

கன்னார்வீதி:
ஐயா, செம்பு இரும்பைப்போல் துருவேறி உதிராது. முதலில் பழுப்பேறி, உப்புக்காற்றுப் படும் இடங்களில் பச்சைப் படலம் கட்டும். அப்படலமே அடியிலுள்ள உலோகத்தைப் பெருமளவு காக்கும். பளபளப்பே வேண்டுமென்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டியை வாராவாரம் யார் தேய்ப்பது? வாங்கும்போது தகட்டின் கனத்தையும் பொருத்துகளையும் பாருங்கள். அடிக்க அடிக்கச் செம்பு இறுகிவிடுமாதலால், இடையிடையே நெருப்பில் காய்ச்சி இளக்காமல் செய்த தொட்டியில், விளிம்பு மடியும் இடத்தில் மயிரிழை வெடிப்புகள் தென்படலாம்.

மேசன்தம்பி:
எனக்குப் பயம் பாரத்தைப் பற்றித்தான். 250 லீற்றர் நீரே 250 கிலோ. தொட்டியும் ஆளும் அதற்கு மேல். பொறியியலாளரிடம் தளத்தைக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு ஆணிகளைச் செம்போடு சேர்க்கவும் வேண்டாம். ஈரத்தில் அவைதான் முதலில் அரித்துப்போகும்.

உப்புவெளிவாசி:
நன்றி. கீழ்மாடிக்கே மாற்றுவது குறித்துப் பொறியியலாளரிடம் கேட்கிறேன்.