விசாரணையில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஸ்டோர்ஸ்_ஆடிட்:
தனியார் கம்பெனி ஒன்றில் உள்தணிக்கையில் இருக்கிறேன். குடோனில் செம்புக் கம்பிச் சுருள்கள் கணக்கில் குறைகின்றன, சாவி வைத்திருக்கும் நான்கு பேரிடமும் அடுத்த வாரம் நான்தான் பேச வேண்டும். கண் வலப்பக்கம் மேலே போனால் பொய், மூக்கைத் தொட்டால் பொய் என்று ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நால்வரில் வயதான ஒருவர், பேச்சுவாக்கில் கேட்டதற்கே தலையைக் குனிந்துகொண்டார், கை நடுங்கியது. மேனேஜர் அவர்தான் என்று முடிவே கட்டிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்:
தம்பி, அந்தக் கண், மூக்கு சமாச்சாரத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஸ்டேஷனில் உட்கார வைத்தாலே ஒன்றும் செய்யாதவனுக்கும் நாக்கு வறண்டுவிடும். பெரியவர் வேலை போய்விடுமோ என்று நடுங்கியிருக்கலாம், மேலதிகாரி முன்னால் குனிந்து நிற்பது நம் ஊரில் மரியாதையும்கூட. பழகிய திருடன் உங்கள் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசுவான்.

கையில் இருக்கும் ஆதாரத்தை எடுத்த எடுப்பில் காட்டாதீர்கள். செவ்வாய் இரவு 9.40க்கு ஒரு வண்டி வெளியே போனதாக கேட் ரிஜிஸ்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மேஜையில் போட்டு "இது என்ன?" என்று கேட்டால் அதற்கேற்ற கதை அங்கேயே தயாராகிவிடும். "செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று விட்டுவிடுங்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சாயங்காலத்துக்கு மேல் யார் இருந்தது, வண்டி ஏதாவது வந்ததா என்று கேளுங்கள், ரிஜிஸ்டர் கடைசியில்தான். மறைக்க ஒன்றுமில்லாதவர் பெரும்பாலும் வண்டியைத் தானாகவே சொல்லியிருப்பார். மறைப்பவர் அந்த நேரத்தை மட்டும் தாண்டிப் போவார்.

உளவியல்_மாணவி:
ஐயா சொல்லும் முறையை சுவீடனில் பயிற்சிக் காவலர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 2006இல் வெளிவந்த ஆய்வு. ஆதாரத்தை எப்போது காட்டுவது என்று கற்றவர்கள் யார் பொய் சொல்கிறார் என்று சுமார் 85% சரியாகச் சொன்னார்கள், கற்காதவர்கள் 56%தான். அதே ஆண்டில் பாண்ட், டெபாலோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பேசுபவரைப் பார்த்தும் கேட்டும் மட்டும் மெய், பொய் பிரிப்பவர்கள் சராசரியாக 54% சரி. காசைச் சுண்டினாலே 50 வருமே! தொழிலே அதுவாக இருப்பவர்களும் பெரிதாக மேல் இல்லை. கண் மேலே போகும் கதையை 2012இல் வைஸ்மன் என்ற உளவியலாளரின் குழு சோதித்தது, ஒன்றுமே தேறவில்லை.

மணல்வீடு77:
இவ்வளவு எதற்கு, லை டிடெக்டர் வைத்தால் ஒரே நாளில் முடியுமே?

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்:
சம்மதம் இல்லாமல் யாருக்கும் அதை வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் சொல்லியாகிவிட்டது. அந்தக் கருவி அளப்பது மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை. பெரியவரை உட்கார வைத்தால் அதே நடுக்கத்தைத்தான் காகிதத்தில் கோடாகப் போட்டுக் கொடுக்கும்.

வழக்கறிஞர்_திருச்சி:
இன்னொன்று, ஒப்புக்கொள்ள வைப்பதை இலக்காக வைக்காதீர்கள். இங்கிலாந்தில் குண்டுவெடிப்புக்காக ஆறு பேரைப் பிடித்த பர்மிங்ஹாம் வழக்கில் நான்கு பேரின் ஒப்புதல் வாக்குமூலம் இருந்தது, 1975இல் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை, 1991இல் தீர்ப்பு ரத்தாகி வெளியே வந்தார்கள். இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் காவல்துறை, மிரட்டி ஒப்புக்கொள்ள வைக்காமல் தகவல் திரட்டும் விசாரணை முறைக்கு 1990களின் தொடக்கத்தில் மாறியது. நம் சட்டத்திலும் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. நால்வரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், பெரியவருக்கென்று தனிக் கேள்வி வேண்டாம். முதலில் சரக்கு உண்மையிலேயே காணாமல் போனதா, எடை போட்டதில் தவறா, பில் இரண்டு முறை ஏறியதா என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்டோர்ஸ்_ஆடிட்:
எல்லாருக்கும் நன்றி. எடைச் சீட்டு, கேட் ரிஜிஸ்டர், சிசிடிவி மூன்றையும் முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன். விசாரணையில் மேனேஜரும் உட்காருவேன் என்கிறார், அதை எப்படித் தவிர்ப்பது?

வழக்கறிஞர்_திருச்சி:
ஏற்கெனவே ஒருவர்மேல் முடிவுக்கு வந்தவர் விசாரணையில் உட்காரக்கூடாது என்று உங்கள் தலைமை அலுவலகத்துக்கு இன்றே மெயில் போடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நிற்காது.