காந்தச் சுவரா, காந்த வரப்பா?

ஐயா, வணக்கம்.

காந்தத்துக்குள் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் இருக்கும் ‘domain wall’-க்குத் தமிழில் ‘காந்தச் சுவர்’ என்று வைக்க நீங்கள் சொன்ன காரணங்களைப் படித்தேன். எளிய சொல், மாணவர்களுக்கும் பழகிவிடும். சரிதான். ஆனால் சுவர் கட்டின இடத்திலேயே நிற்கும். நாம் பெயர் வைக்கப்போவதோ நகர்கிற ஒன்றுக்கு. மின்சாரத்தால் அதைத் தள்ளிப் பார்ப்பதற்குத்தான் இத்தனை ஆய்வும்.

‘வரப்பு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

காந்தத்துக்குள் ஒவ்வொரு பகுதியின் காந்தமும் ஒவ்வொரு திசை பார்த்து நிற்கிறது என்று 1907-இல் இயற்பியலாளர் வைஸ் சொன்னார். அந்தப் பகுதியைப் பாத்தி என்போம். ஒரு பாத்திக்கும் அடுத்ததற்கும் நடுவில் திசை சட்டென்று மாறுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது என்று 1932-இல் இன்னொரு இயற்பியலாளர் பிளாக் காட்டினார். இரும்பில் அப்படித் திரும்பி முடிக்க நூறு அணு அடுக்குகளுக்கு மேல் ஆகும். ‘எல்லை’ என்ற சொல் எனக்கு ஒப்பாததும் இதனால்தான். எல்லை வெறும் கோடு. வரப்புக்கு அகலம் உண்டு.

குடியாத்தம் பக்கம் எங்கள் நிலத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் ஒவ்வொரு உழவுக்கும் வரப்பைத் தன் பக்கம் கொஞ்சம் செதுக்கி, மண்ணை எங்கள் பக்கம் அணைப்பார். அறுப்பு முடிந்து அப்பா கயிறு பிடித்தால் ஒரு சாண் போயிருக்கும். அவர் பாத்தி வளரும், எங்களுடையது சுருங்கும். காந்தத்தில் அந்த மண்வெட்டி வேலையை, மின்னோட்டத்தில் வரும் எலக்ட்ரானின் தற்சுழற்சி (spin) செய்கிறது. இரும்பும் நிக்கலும் கலந்த மெல்லிய கம்பியில் வரப்பைத் தள்ளச் சதுர மீட்டருக்கு லட்சம் கோடி ஆம்பியர் அளவில் மின்னோட்டம் வேண்டும். கோபால்ட், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த வைல் அரை உலோகத்தில் (எலக்ட்ரான்கள் நிறையே இல்லாதவை போல ஓடும் பொருள்) அதைவிட வெகு குறைவாகவே போதும். ஆனால் அது 177 கெல்வினுக்கு, அதாவது சுமார் மைனஸ் 96 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் காந்தம்.

காந்தத் தன்மையுள்ள இடத்தியல் காப்பான்களுக்கு (topological insulator; உள்ளே மின்சாரத்தை விடாமல் புறத்தில் மட்டும் விடும் பொருள்கள்) வரப்பு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. போதிய குளிரில் பாத்திக்குள் மின்சாரம் ஓடாது, வரப்பை ஒட்டியே போகும், அதுவும் ஒரே திசையில். 2017-இல் ஜப்பானில் இதை அளந்தே காட்டினார்கள். நட்ட கழனியில் யார் கால் வைக்கிறார்கள்? வரப்பு மேல்தானே நடக்கிறோம்.

அப்புறம், பொருளில் உள்ள குறைபாட்டில் வரப்பு மாட்டிக்கொண்டு நின்றுவிடுவதற்கு எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. எங்கள் வரப்பில் ஒரு பனைமரம் இருந்தது. எத்தனை உழவு போனாலும் அந்த இடத்தில் மட்டும் வரப்பு அசையவில்லை. அதை வைத்து ஏதாவது தோன்றினால் எழுதுங்கள் ஐயா.